ரேஷன், உதவித்தொகை, இ.எஸ்.ஐ.: எது யாருக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மெஷினில் கை அடிபடுகிறது. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கைகொடுக்க அரசுத் திட்டங்கள் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிபந்தனைகளோடு வந்தவை. மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லாதது. 1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டை வைத்து ரேஷன் பயனாளிகளைப் பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை. அரிசி அட்டை இருந்தால் போதும். 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்கு விலையும் இல்லை. காமராஜர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய பள்ளி மதிய உணவும் இதே வழிதான்.

இரண்டாவது, தகுதி பார்த்துத் தருவது. முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ல் 1,200 ரூபாயானது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் விதிகள் வைத்தார்கள்.

மூன்றாவது, சம்பளத்தில் பிடித்துத் தருவது. 1948-ல் சட்டமான இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, இந்த வகை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். 15,000 சம்பளத்தில் தொழிலாளியிடம் 113 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 488 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வேலையில் அடிபட்டால், குணமாகும்வரை சுமார் 90 சதவீதம்.

அடிபட்ட தொழிலாளிக்குப் பெரிய உதவி இந்த மூன்றாவதுதான். சிக்கலும் இங்கேதான். கான்ட்ராக்டர் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், ஆஸ்பத்திரி வாசலில்தான் அது தெரியவரும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கம்பெனியே கட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அதைக் கேட்க ஆள் வேண்டும்.

நிபந்தனை குறையக் குறையத்தான் உதவி வீடுவரை வந்து சேர்கிறது. ரேஷன் அரிசியே அதற்குச் சாட்சி. மற்ற இரண்டையும் நாம்தான் கவனித்துப் பெற வேண்டும். இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் கட்டியிருக்கிறார்களா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் சரிபாருங்கள்.