நோவைச் சொல்ல வெட்கம் ஏன்? – பெண்களும் சைக்கிள் சீற்றும்

கொட்டில் ஓரிடத்தில், காணி இன்னோரிடத்தில். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல. புல்மோட்டையைச் சூழவுள்ள ஊர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1984ஆம் ஆண்டின் இறுதியில் தென்னமரவாடி, கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். போர் முடிந்த பின்னரே தம் மண்ணை மீண்டும் பார்த்தார்கள். 2009இல் வன்னியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட காயக்காரர்களையும் இதே புல்மோட்டைதான் ஏற்றுக்கொண்டது. இத்தனை அலைச்சலுக்குள்ளும் குடும்பத்தோடு கூட வந்த ஒரே வாகனம் சைக்கிள். தண்ணீர்க் கான், விறகு, நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை என எல்லாமே அதில்தான்.

கணவனை இழந்த வீடுகளிலும், ஆண்கள் தூர இடத்துக்குக் கூலிக்குப் போன வீடுகளிலும் அந்தச் சைக்கிளை ஓடுபவர்கள் பெண்கள். சில மாதம் ஓடிவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "கால் உளையுது", "வெயில் தாங்கேலாது" என்று ஏதாவது ஒரு சாட்டு வரும். குடும்பநல மாதுவிடம் தனியாகப் பேசும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. இருக்கும் இடம் நோகிறது, தோல் உரிகிறது, சில நேரம் விறைத்துப் போகிறது. இதை எந்த ஆணிடம் சொல்வது? சைக்கிள் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஆகவே சைக்கிள் சுவரில் சாய்ந்துவிடுகிறது. தோட்டத்துக்கு இரண்டு நேரம் இறைக்க வேண்டியது ஒரு நேரமாகிறது. வாடிய கத்தரிக் கன்றுக்குக் காரணம் மழை இல்லாமை என்று கணக்கெழுதுகிறோம். சீற் ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே இவ்விதழில் இதை வெளிப்படையாகவே எழுதுகிறோம். வீட்டில் உள்ள ஆண்களும் வாசிக்கட்டும். ஸ்பனர் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய பயத்தைத் தீர்த்துவிடுவோம். "பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடினால் கருப்பை இறங்கும், பிறகு பிள்ளை தங்காது" என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. இது எங்கள் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியபோது, அங்கிருந்த வைத்தியர்கள் சிலரும் இப்படியே பயமுறுத்தினார்கள். அதற்குப் பின்னர் நூறாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓடிப் பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள். நோவு வருவது உண்மை. அந்த நோவுக்குக் காரணம் பெண்ணின் உடம்பு அல்ல, அவளுக்குப் பொருந்தாத சீற்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் நகரில் ஜோன் போல்ட்பீ புறூக்ஸ் என்று ஒரு தோல் வியாபாரி இருந்தார். அவருடைய குதிரை செத்துப்போக, இரவல் சைக்கிளில் வேலைக்குப் போனாராம். சீற் நோ தாங்காமல் தானே ஒரு தோற் சீற்றைச் செய்து, 1882இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எங்கள் பாட்டன்மார் ஓடிய பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களில் கண்ட ஸ்பிரிங் வைத்த தோற் சீற் அந்த வழியில் வந்ததுதான். ஓர் ஆணுக்கு நொந்தபோது மருந்து சீக்கிரமே கிடைத்தது. பெண்ணின் உடலளவைப் பார்த்துச் சைக்கிள் செய்வதையே தொழிலாகக் கொண்டு அமெரிக்காவில் ஜோர்ஜினா ரெறி என்ற பெண் பொறியியலாளர் நிறுவனம் தொடங்கியது 1985இல். நடுவில் துவாரம் விட்ட பெண்கள் சீற் கடைகளில் பரவியது அதற்கும் பின்னர்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். நாம் கதிரையில் இருக்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். கையை அடியில் வைத்து இருந்து பார்த்தால் அவை தட்டுப்படும். சைக்கிளிலும் பாரம் அந்த இரண்டு முனைகளிலேயே இறங்க வேண்டும். பெண்களுக்கு இந்த முனைகளுக்கு இடைப்பட்ட தூரம் பொதுவாக ஆண்களைவிடச் சற்று அதிகம். ஒடுங்கிய சீற்றில் இருந்தால் முனைகள் இரண்டும் சீற்றின் விளிம்புக்கு வெளியே போய்விடுகின்றன. அப்போது பாரமெல்லாம் நடுவில் உள்ள மெல்லிய தசையில் விழுகிறது. அங்கே நரம்பும் இரத்தக் குழாய்களும் அதிகம். நோவும் விறைப்பும் அதனால்தான்.

உங்கள் அளவை அறிய ஒரு சதமும் செலவில்லை. பால்மாப் பெட்டி போன்ற நெளிவு மட்டை ஒன்றைச் சீமெந்துப் படியில் வைத்து, மெல்லிய உடுப்போடு அதன் மேல் இருங்கள். பாதங்களைக் கல்லொன்றின் மேல் சற்று உயர்த்தி வைத்து, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து ஒரு நிமிடம் இருந்தால் போதும். மட்டையில் இரண்டு பள்ளம் விழும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் வரும். நாம் ஊரில் ஓடுவதுபோல நிமிர்ந்திருந்து ஓடுபவருக்கு, சீற்றின் பின்பக்க அகலம் அந்த அளவைவிட மூன்று, நான்கு சென்ரிமீற்றர் கூடுதலாக இருப்பது நல்லது. சீற் வாங்கப் போகும்போது ஈர்க்கு ஒன்றை அந்த அளவுக்கு முறித்துக் கொண்டு போங்கள். கடையில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஈர்க்கை வைத்துப் பார்த்து வாங்கலாம்.

ஆனால் புதுச் சீற் வாங்குவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். பத்துப் பெண்களின் முறைப்பாட்டை எடுத்தால், பலருடையது இதிலேயே தீர்ந்துவிடும் என்பது எமது எண்ணம். நிவாரணமாகவோ இரவலாகவோ கிடைக்கும் சைக்கிள் பெரும்பாலும் ஆண்களுக்குரிய பெரிய சட்டம். அதில் குள்ளமான பெண் ஏறினால் பெடலை எட்டுவதற்கு ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். ஒரு கட்டை தூரத்துக்குள் எத்தனை நூறு தடவை அந்த உரசல்! தோல் உரியாமல் என்ன செய்யும்?

சரியான உயரம் இதுதான்: ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சீற்றில் நேராக இருந்து, பெடலைக் கீழே இறக்கி, குதிக்காலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். இதைவிட உயரமானால் இடுப்பு ஆடும். மிகவும் தாழ்ந்தால் பாரம் காலுக்குப் போகாமல் முழுவதும் சீற்றிலேயே இறங்கும், முழங்காலும் நோகும். புதிதாகப் பழகுபவரும், பின்னுக்குத் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு மணல் பாதையில் போபவரும் நிலத்தில் கால் ஊன்ற வசதியாக அரை அங்குலம், ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். சீற்றைத் தாங்கும் குழாயை அடிமட்டத்துக்கு இறக்கியும் எட்டவில்லையென்றால் அந்தச் சைக்கிள் உங்களுக்குரியதல்ல. உயரமானவர் ஒருவரோடு மாற்றிக்கொள்வதே புத்தி.

அடுத்தது சாய்வு. சீற்றின் மூக்கு மேலே நிமிர்ந்து நின்றால் முன்பக்கம் குத்தும். மேசன்மாரின் நீர்மட்டத்தை வாங்கிச் சீற்றின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். மட்டமாக நிற்க வேண்டும். அப்படியும் முன்பக்கம் நோகுமானால் மூக்கை ஒரு துளி மட்டும் பதியுங்கள். அதிகம் பதித்தால் உடம்பு முன்னுக்கு வழுக்கி, பாரம் மணிக்கட்டில் ஏறும். சீற்றின் அடியில் இரு பக்கமும் உள்ள நட்டை இளக்கினால் சாய்வையும் மாற்றலாம், சீற்றை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளவும் முடியும். ஹாண்டில் தூரமாக இருப்பதாகத் தோன்றினால் சீற்றைச் சற்று முன்னே கொண்டுவாருங்கள். எட்டி எட்டிப் பிடிக்கும்போதுதான் இடுப்பு முன்னே மடிந்து மெல்லிய இடம் நசிகிறது. ஹாண்டிலைச் சற்று உயர்த்துவதும் உதவும்.

ஸ்பொஞ்ச் விஷயத்தில் எமது சகோதரிகள் பலர் ஏமாறுகிறார்கள். நோகிறது என்றதும் தடித்த ஸ்பொஞ்ச் உறையை வாங்கி மாட்டுகிறார்கள். முதல் நாள் மெத்தைபோல இருக்கும். ஒரு கிழமையில் எலும்பு முனைகள் இரண்டும் ஸ்பொஞ்சில் புதைய, நடுப்பகுதி மேலே எழும்பி முன்னரைவிட மோசமாக அழுத்தும். அதோடு மழையில் நனைந்த ஸ்பொஞ்ச் அன்று முழுவதும் ஈரத்தை விடாது. ஆகவே மெல்லியதாய், இறுக்கமானதாய் இருப்பதே மேல். நல்ல ஸ்பிரிங் உள்ள அகலச் சீற் ஸ்பொஞ்சைவிடப் பல மடங்கு உதவும். ஸ்பிரிங் இரண்டும் ஒரே உயரமா என்று பின்னால் நின்று பாருங்கள். ஒன்று முறிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் நோகும், நாரியும் பிடிக்கும். பழைய தோற் சீற் தொட்டில்போலத் தொய்ந்திருந்தால் அதன் மூக்கின் அடியில் ஒரு நட் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் தோல் நிமிரும். வெயிலில் விட்ட ரெக்சின் சீற் சுடுவதும் எல்லோரும் அறிந்ததே. நிறுத்தும்போது ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலையோ, சல்வாரோ, அபாயாவோ எதுவானாலும் அடியில் மடிப்பும் தடித்த தையலும் இல்லாமல் இருப்பதே முக்கியம். பாவாடை நாடாவின் முடிச்சும், ஒரு பக்கம் திரண்ட துணியும் கல்லுப்போல அழுத்தும். உள்ளே பருத்தித் துணி அணியுங்கள். துடை உரசுபவர்கள் புறப்படுமுன் கொஞ்சம் வசலின் அல்லது தேங்காயெண்ணெய் பூசலாம். மாதவிடாய் நாட்களில் துணியைப் பல மடிப்பாக வைத்து நீண்ட தூரம் ஓடினால் புண்படும். அடிக்கடி மாற்றுங்கள், இயலாத நாளில் ஓய்வெடுங்கள். வயலில் வியர்த்து நனைந்த உள்ளாடையோடு மாலைவரை இருக்காமல், வீடு வந்ததும் கழுவித் துடைத்து உலர்ந்ததை உடுத்துங்கள். கிருமிநாசினியைக் கலந்து கழுவ வேண்டாம், அது எரிவைக் கூட்டும். வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓடும் பழக்கம் எம் பெண்களிடம் உண்டு. சலக்கடுப்புக்கு இது ஒரு காரணம். பழியைச் சுமப்பதோ சைக்கிள்.

கொப்புளம் வந்தால் நசிக்க வேண்டாம். ஆறும்வரை சைக்கிளை விடுங்கள். விறைத்தால் உடனே இறங்கிக் கொஞ்சத் தூரம் உருட்டிக்கொண்டு நடவுங்கள். சீற்றைத் திருத்திய பின்னும் விறைப்பு மாறாவிட்டால், சலம் எரிந்தால், இரத்தம் கண்டால், காய்ச்சலோடு கட்டி வந்தால், ஆறாத புண் இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு உரசலையும் அசட்டை செய்யலாகாது. பிள்ளை பெற்றவர்கள் தையல் நன்றாக ஆறியதைக் குடும்பநல மாது பார்த்துச் சொல்லும்வரை ஏறாதிருப்பது நல்லது.

ஓடும் முறையிலும் கொஞ்சம் இருக்கிறது. கிடங்கு வரும்போது இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, உடம்பைச் சீற்றிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிவிடுங்கள். அடி காலில் இறங்கும். ரயரைக் கல்லுப்போலக் காற்றடிக்காமல், பாரத்துக்கேற்ற அளவில் விட்டால் குலுக்கம் குறையும். இருபது லீற்றர்த் தண்ணீர்க் கான் என்றால் இருபது கிலோ. அதை ஒரு பக்கமாகக் கட்டினால் நீங்கள் மறுபக்கம் சரிந்தே ஓடுவீர்கள், நோவும் ஒரு பக்கமே வரும். (கரியரில் பிள்ளையை ஏற்றுபவர்கள் சில்லின் இரு பக்கமும் மறைப்புக் கட்டுங்கள். கம்பிக்குள் கால் போன பிள்ளைகள் எத்தனை பேர்!)

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாயிநாத் எழுதினார். விவசாயக் கூலிகளும், கல் உடைப்பவர்களும், தாதிமாரும் அதில் இருந்தார்கள். பெண்கள் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தது. சிலர் விரும்பியே ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள், முன் பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால். எங்கள் யாழ்ப்பாணத்திலோ 1990களின் எரிபொருள் தடைக்காலம் வயது பாராமல் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது வீட்டையே கரியரில் கட்டிக்கொண்டு உருட்டியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை, அந்த வழியால் வந்த வாசகர்கள் அறிவார்கள்.

மாதர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் இரண்டு ஸ்பனர், ஒரு நீர்மட்டம், ஸ்பிரிங் வைத்த ஓர் அகலச் சீற் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வையுங்கள். ஒரு கிழமை இரவலாகப் பூட்டி ஓடிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் அவரவர் வாங்கட்டும். புதுச் சீற் பொருந்த இரண்டு கிழமை செல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், உயரத்தை மாற்றிய நாளில் சாய்வைத் தொட வேண்டாம். நல்ல இடம் அமைந்ததும் குழாயில் ஆணியால் ஒரு கோடு கீறி விடுங்கள். மகன் சீற்றை உயர்த்தி ஓடினாலும் மறுபடி அதே கோட்டுக்கு இறக்கலாம். நட்டை ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பூட்டியது இளகும்.