30 லட்சம் மைல் ஓடிய வால்வோ

ஓடோமீட்டரில் 2 லட்சம் கிலோமீட்டரைப் பார்த்தாலே, பழைய கார் வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். நியூயார்க் மாநிலத்து அறிவியல் ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966-இல் வாங்கிய சிவப்பு நிற வால்வோ பி1800 எஸ், 2013-இல் அலாஸ்காவில் 30 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் சுமார் 48 லட்சம் கிலோமீட்டர்!

இன்ஜினை முதன்முதலில் பிரித்து வேலை பார்த்ததே 6,80,000 மைலில்தான்.

கோர்டன் தினமும் நூறு மைலுக்கு மேல் ஓட்டி வேலைக்குப் போய்வந்தவர். அதுவே காருக்கு வரமானது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் கணிசமான தேய்மானம் நேர்கிறது. பக்கத்துக் கடைக்குப் போய் உடனே திரும்பும் கார் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உட்புறம் பாலாடை போல வெளிறிய கசடு தெரிகிறதா? ஈரம் சேர்ந்திருக்கிறது, அல்லது கூலன்ட் கசிந்து கலக்கிறது. பழைய வண்டி வாங்குபவர் மீட்டரை முறைப்பதைவிட இந்த மூடியையும் சர்வீஸ் பில்களையும் பார்க்கலாம்.

கிரேக்க டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸின் மெர்சிடஸ் 240 டி-யும் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஆனால் அவர் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பொருத்தியே ஓட்டினார்.

நின்றே கிடந்த வண்டிக்கும் வயதாகும். ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள கார்களில் அதை மாற்றக் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.