மின்கிதாரில் கமகம்

புனேயில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய என்.எச்.7 வீக்கெண்டர் போன்ற விழாக்களின் இளம் ரசிகர்களுக்கு மின்கிதாரில் ராகச் சாயல் கேட்பது வியப்பளிக்காது. ஆயினும் அக்கருவியின் அமைப்பு ராகத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதன்று. வீணையின் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் நெடுக இழுக்கலாம். இழுக்க இழுக்க விறைப்பு கூடி, சுரம் உயர்ந்து, இரு சுரங்களுக்கு இடையிலுள்ள நுண்ணொலிகள் கமகமாக வெளிப்படும். கிதாரின் மெட்டுகளோ விரற்பலகையை ஒட்டித் தாழ்ந்து கிடப்பவை. ஷட்ஜத்திலிருந்து காந்தாரம்வரை இழுப்பதே பெரும்பாடு. இறங்கு கமகத்துக்கு, தந்தியை ஓசையின்றி முன்னரே இழுத்துவைத்து, மீட்டியபின் மெல்லத் தளர்த்த வேண்டும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது மின்சாரம். எஃகுத் தந்தியின் அதிர்வு, அதன் கீழுள்ள காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளில் மின்னழுத்தமாக மாற, அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும்போது, சாதாரணக் கிதாரில் கேட்காமலே தேய்ந்துபோகும் ஒலியின் வாலும் காதில் விழுகிறது. கமகம் வாழ்வது அந்த வாலில்தான். 1960-களில் புகழ்பெற்ற ‘ஃபஸ்’ பெட்டி ஒலியலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்கி, கரகரப்பையும் நீளத்தையும் சேர்த்தது. போதையின் மனமயக்கத்தை ஒலியில் காட்ட முனைந்த ‘சைகடெலிக் ராக்’ அக்கரகரப்பைத் தன் அடையாளங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. அவ்விசை சிதாரை ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டதே மிகுதி.

ஊறுகாயாக அன்றி உணவாகவே இந்திய இசையைக் கொண்டவர், அதற்கேற்ற புகழ் பெறாத கிதார் கலைஞர் அமான்சியோ டி'சில்வா. கோவா வம்சாவளியினரான அவர் 1936-இல் மும்பையில் பிறந்து, ஜாஸ் வாசித்து, 1967-இல் லண்டனுக்குப் பெயர்ந்து, 1969-இல் ‘இன்டக்ரேஷன்’ இசைத்தட்டையும், ஜமைக்காவில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டுடன் இணைந்து, ‘நாம் இருவர்’ எனப் பொருள்படும் ‘ஹம் தோனோ’வையும் பதிவுசெய்தார். ‘காஸ்மிக் ஐ’ என்னும் குழுப்பெயரில் 1972-இல் வெளியான ‘ட்ரீம் சீக்வென்ஸ்’ சைகடெலிக் இசைக்கு மிக அருகில் நிற்பது; அதில் சிதாரும் தபலாவும் அலங்காரமாக ஒதுங்காமல் கிதாருடன் சரிநிகராக உரையாடுகின்றன. இத்தட்டே அவருடைய படைப்புகளுள் முதலில் கேட்கத்தக்கது.

புனேயிலிருந்து மேற்கே மலைத்தொடரை இறங்கினால் விரியும் கொங்கணக் கரையின் பெயரைத் தாங்கி, 1972-இல் பதிவான அவருடைய ‘கொங்கண் டான்ஸ்’ இசைத்தட்டு, 1996-இல் அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 2006-இல்தான் வெளியாயிற்று.