செப்புத் தகட்டில் ஓர் ஆறு

செங்கற்பட்டுக்கும் காஞ்சீபுரத்துக்கும் இடையே, குன்றின்மேல் லக்ஷ்மி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கும் பழையசீவரத்தின் அருகில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகின்றன. அக்கரையில் திருமுக்கூடல். பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை அங்கே நடந்ததாக அவ்வூர்க் கோயில் கல்வெட்டு கூறுகிறது. பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எழுந்தருளுவதும் பழையசீவரத்துக்குத்தான்.

இவ்விடத்தைச் சித்திரிக்க வர்ணங்களைவிடக் கோடுகளே ஏற்றவை என்பது நம் எண்ணம். அகன்ற மணற்பரப்பு, மெலிந்த நீரோட்டம், தூண்டிலும் கையுமாக ஓர் உருவம். இவற்றுக்கு ‘எட்சிங்’ என்னும் திராவகச் சித்திரம் வெகு பொருத்தம்.

செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் வரைவார்கள். தகட்டைத் திராவகத்தில் இட்டால், கோடு விழுந்த இடத்துச் செம்பை மட்டும் அது அரிக்கும். நெடுநேரம் அரிபட்ட கோடு அச்சில் கறுத்து விழும்; சற்றே அரிபட்டது மெலிந்து விழும். பிறகு மெழுகை நீக்கி, மை தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்துவார்கள். சித்திரம் இடம் வலமாக மாறி வரும். ஆகவே, வலக்கையால் தூண்டில் போடுகிறவனைத் தகட்டில் இடக்கைக்காரனாகவே வரைய வேண்டும்!

இங்கிலாந்தில் ஸர்ஜனாயிருந்த ஸீமூர் ஹேடன் (1818-1910) தூண்டிலில் பிரியமுள்ளவர். நதிக்கரைக்கே தகட்டை எடுத்துச் சென்று, இயற்கையை நேரில் கண்டு வரைந்தவர். நம் தேசத்தில் வங்காளத்து முகுல் தே (1895-1989) 1916-இல் அமெரிக்கா சென்று, சிகாகோவில் இக்கலையைப் பயின்றார். 1928-இல் கல்கத்தா அரசாங்கச் சித்திரக் கலாசாலைக்கு முதல் இந்தியத் தலைவரானார். நம் நதிகளைப் பொறிக்க அன்னியர் வர வேண்டியதில்லை என்பதற்கு அவரே அத்தாட்சி.

ஆனால், கலைஞன் வந்தால் போதுமா? ஆறும் இருக்க வேண்டுமே! பாலாற்று மணலை அள்ளினோம். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவை அதில் விட்டோம். அக்கழிவைக் கண்டித்து 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளிக்க நேர்ந்தது. 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. எனினும், ஆண்டில் பெரும்பகுதி இது மணல்வெளியே. பழையசீவரத்தருகே ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருப்பது நல்ல காரியம். தேங்கும் நீரைச் சுத்தமாகக் காப்பது நம் பொறுப்பு.

விடுமுறையில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். காகிதமும் பென்சிலும் கொடுத்துக் கரையில் உட்கார வையுங்கள். தாம் வரைந்த ஆற்றைப் பாழாக்க அவர்களுக்கு மனம் வராது.