பொடிசு "டீபக்"கில் புகுந்த திருடன்! போலிக் கடிதத்தால் வந்த வினை. 2 மணி நேரத்தில் குட்டு அம்பலம்

ஒரே ஒரு போலிக் கடிதம். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்து விட்டது!

2025-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி. நம்மூர் நேரப்படி மாலை 7 மணி அடிக்கச் சற்று முன்பு கைவரிசை தொடங்கியது. தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் பகல் வேலை முடிந்து ஆட்கள் பஸ்சுக்கு நிற்கிற நேரம்.

திருடன் கை வைத்தது பணப்பெட்டியில் அல்ல. "டீபக்" என்ற குட்டிப் புரோகிராமில்!

அது என்ன டீபக்?

வலைப்பக்கங்களை ஆட்டி வைக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதை எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி, தப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். அதனால் புரோகிராம் ஓடும்போதே, "இங்கே வந்தேன், இதைச் செய்தேன்" என்று குறிப்பு எழுத வைப்பார்கள். இதற்கு "லாக்" என்று பெயர். கடைக் கணக்குப்பிள்ளையின் சிட்டை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் கூவினால்? மீன் மார்க்கெட்தான்!

டீபக் இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர், ஒரு நிறம். எந்தப் பெயரைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் பேசும். மற்றதெல்லாம் கப்சிப். ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் நடுவே எத்தனை மில்லி செகண்ட் ஓடியது என்பதையும் பக்கத்திலேயே காட்டும். எங்கே தாமதம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்து விடும்.

இதை முதலில் எழுதியவர் டி.ஜே. ஹோலோவேச்சக் என்ற புரோகிராமர். விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். எடுத்தார்கள்! சம்பவம் நடந்த சமயம் வாரத்துக்கு 35 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டு வந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் வேலையெல்லாம் இந்தப் பொடிசின் தோளில்!

கடிதம் வந்தது

இப்படிப்பட்ட புரோகிராம்களை வைத்திருக்கும் பொதுக் கிடங்கின் பெயர் "என்.பி.எம்." அங்கே டீபக்கைப் பராமரித்து வந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

கணக்கின் இரட்டைப் பூட்டை ஒரு வருடத்துக்கு மேலாகப் புதுப்பிக்கவில்லையாம். உடனே புதுப்பிக்காவிட்டால் 10-ந் தேதி முதல் கணக்கு முடக்கப்படுமாம். மிரட்டல் எப்படி?

அனுப்பிய முகவரி கிடங்கின் முகவரி போலவே இருந்தது. கடைசியில் "டாட் காம்" இருக்க வேண்டிய இடத்தில் "டாட் ஹெல்ப்". அவ்வளவுதான் வித்தியாசம்! அவசரத்தில் யார் கண்ணில் படும்?

அவர் நம்பி விட்டார். பெயர், பாஸ்வேர்டு, பாங்கிக்காரன் அனுப்புகிற ஓ.டி.பி. மாதிரியான 6 இலக்க எண் எல்லாவற்றையும் போலிப் பக்கத்தில் தட்டினார். மறுபக்கம் காத்திருந்த ஆசாமி, கணக்கைக் கைப்பற்றி விட்டான்.

டீபக், "சாக்" உள்பட 18 புரோகிராம்களில் விஷம் கலக்கப்பட்டது. 18-ம் சேர்த்து வாரத்துக்கு 200 கோடிக்கு மேல் இறக்கப்படுபவை!

திருட்டு எப்படி?

கலந்த சரக்கு பிரவுசரில் உட்கார்ந்து வேவு பார்க்கும். யாராவது கிரிப்டோ பணம் அனுப்பினால், போக வேண்டிய முகவரியை அழித்து, திருடனின் முகவரியைப் போட்டு விடும். அதுவும் எப்படி? தன்னிடம் உள்ள பட்டியலில், அசல் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து அதிகம் ஒத்துப் போவதைத் தேடிப் பிடித்துப் போடும். பலே கில்லாடி!

ஆனால் கில்லாடிக்கும் சறுக்கியது. அவன் எழுதியது, பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடுகளில் ஓட மறுத்தது. "பெட்ச்" என்ற கட்டளையைத் தெரியாது என்று அவை நின்று விட்டன. நேற்று வரை ஓடியது இன்று ஏன் நிற்கிறது என்று தோண்டியவர்கள் கையில் விஷம் சிக்கியது. பாதுகாப்புக் கம்பெனிகளும் அபாயச் சங்கு ஊதின. 2 மணி நேரத்துக்குள் பெரும்பாலானவை அகற்றப்பட்டன. ஏமாந்தவரும் மூடி மறைக்கவில்லை. ஏமாந்து விட்டேன் என்று பகிரங்கமாகவே சொல்லி விட்டார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் திருடனுக்குக் கிடைத்த பணம் ரொம்ப சொற்பம்தான். கம்பெனிகளுக்குத்தான் ராத்திரி முழுக்க வேலை.

விஷம் கலந்த டீபக்கின் எண் 4.4.2. சுத்தம் செய்து வந்தது 4.4.3. அந்த 2 மணி நேரத்தில் பழையதை இறக்கியவர்கள், அதை அழித்து விட்டு மறுபடியும் முதலில் இருந்து கட்ட வேண்டியதாயிற்று.