மூலையில் நின்ற அமைச்சர்

சதுரங்க ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைத் திறப்பு என்பர். திறப்பை மனப்பாடம் செய்தல் எளிது. ஒவ்வொரு நகர்த்தலும் எதற்காக என்று ஆராய்வதே உண்மையான பயிற்சி. அதற்கு ஏற்ற ஓர் ஆட்டம், 2010ஆம் ஆண்டு மே 11 அன்று பல்கேரியாவின் சோபியா நகரில் நடைபெற்றது.

அது உலக வாகையர் போட்டியின் 12ஆம் ஆட்டம். சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்தும் பல்கேரியரான வெசலின் தோபலோவும் தலா ஐந்தரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். வெள்ளைக் காய்கள் தோபலோவுக்கு உரியவை.

தோபலோவ் ‘குயின்ஸ் கேம்பிட்’ என்னும் திறப்பை ஆடினார். இதில் வெள்ளை, ஒரு காலாளை வெட்டுக்கு நீட்டும். ஆனந்த் அதை உடனே வெட்டவில்லை. நடுக்களத்தில் நின்ற தம் காலாளுக்கு மற்றொரு காலாளைத் துணையாக்கினார். அரண் உறுதியாயிற்று. ஆனால், அந்தத் துணைக் காலாளே அவருடைய அமைச்சர்க் காய் ஒன்றின் வழியை அடைத்தது.

ஏழாம் நகர்த்தலில் ஆனந்தின் குதிரை நடுக்களத்தில் பாய்ந்தது. இதுவே ‘லாஸ்கர் தற்காப்பு’. 27 ஆண்டுகள் உலக வாகையராக விளங்கிய இமானுவேல் லாஸ்கரின் பெயரால் வழங்குவது. இருபுறமும் காய்கள் வெட்டுப்பட, நெருக்கடி குறைந்தது. எனினும் அடைபட்ட அமைச்சர் 19ஆம் நகர்த்தலில்தான் முதன்முதலாக அசைந்தது. 28ஆம் நகர்த்தலில், வெள்ளைக் குதிரையின் தாக்குதலுக்கு விலகிப் பலகையின் மூலைக்கே சென்றது.

ஆட்டம் சமமானால் விரைவாட்டங்கள் நடைபெறும். அவற்றில் ஆனந்த் பெரும்புகழ் பெற்றவர். தோபலோவ் துணிந்து ஆடினார். 31ஆம் நகர்த்தலில் ஆனந்த் ஒரு காலாளை முன்னே தள்ளினார். தோபலோவ் அதை வெட்டினார். அதுவே பெரும்பிழை. மூலையிலிருந்து வெள்ளை அரசன் வரை மூலைவிட்ட வழி திறந்தது. ஆனந்தின் அரசி அவ்வழியில் வந்து முற்றுகையிட, மூலையில் நின்ற அமைச்சர் அதற்குக் காவலாயிற்று. 56 நகர்த்தல்களில் ஆனந்த் வென்று வாகையர் பட்டத்தைத் தக்கவைத்தார்.

ஓர் ஆட்டத்தைப் பயில்வோர், திறப்பில் இடர்ப்படும் காய் எது என முதலில் காண வேண்டும். பின்பு அக்காயை இறுதிவரை தொடர வேண்டும்.

சிந்தித்து எழுதுக:
1. அமைச்சரின் வழி அடைபட்டது ஏன்?
2. காய்கள் வெட்டுப்பட்டது ஆனந்துக்கு எவ்வாறு உதவியது?