பழைய ஜன்னலா, புதிய ஜன்னலா?

சிவகாசியில் ஓர் அச்சகம். பெயர் வேண்டாம், அதன் சொந்தக்காரர் கூச்ச சுபாவம் உள்ளவர். நாற்பது வருஷமாகத் தினசரிக் காலண்டர் அச்சடிக்கிறவர். இந்தப் பத்திரிகையைப் படித்துக்கொண்டே நீங்கள் நிமிர்ந்து பார்த்துத் தேதி தெரிந்துகொள்கிறீர்களே, அந்தக் காலண்டரே அவர் அடித்ததாக இருந்தாலும் இருக்கலாம்.

2025-ஆம் வருஷம், ஆனி மாதக் கடைசியில் அங்கே போயிருந்தேன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசியில் வழக்கம். அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் போனேன். போன இடத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பலத்த விவாதம் நடந்துகொண்டிருந்தது. சொத்துத் தகராறு அல்ல, கல்யாணப் பேச்சும் அல்ல. விண்டோஸ் விவகாரம்!

"தம்பி, நீங்களே சொல்லுங்க. ஓடுற கம்ப்யூட்டரை எதுக்கு மாத்தணும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார் பெரியவர்.

"ஓடும்ப்பா. நாளைக்கு ஒண்ணுன்னா பார்க்க ஆள் இருக்காது. அதைத்தான் சொல்றேன்" என்றான் பிள்ளை. என்ஜினீயரிங் படித்துவிட்டு இரண்டு வருஷம் பெங்களூரில் இருந்து திரும்பியவன்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கல்யாண வீட்டில் மேற்பார்வை பார்க்கும் சித்தப்பாவைப் போன்றது. உக்கிராண அறைச் சாவி அவரிடம். சமையற்காரருக்கு அரிசி அளந்து கொடுப்பதும் அவர்தான், பந்தலுக்குள் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதும் அவர்தான். அவர் கண் அசந்தால் வேண்டாத ஆசாமி உள்ளே நுழைந்துவிடுவான். விண்டோஸ் 10 என்ற சித்தப்பாவுக்கு, அவரை அனுப்பிய மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. காலண்டர்க்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத சமயம். கம்பெனியார் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கவில்லை என்பது தெளிவு.

ஓய்வு என்றால் மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்று அர்த்தமல்ல. அங்கேதான் சங்கடமே. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் மாதந்தோறும் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி யாரும் இலவசமாக அடைத்துத் தரமாட்டார்கள். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. விண்டோஸ் 11-க்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் எந்த இடத்தில் சிமெண்டு பூசுகிறார் என்று பார்த்தாலே போதும். அதே கொத்தனார் கட்டிய நம் வீட்டில் எங்கே விரிசல் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும்.

"என்கிட்ட எவன் வந்து என்ன திருடப்போறான்? இருக்கிறது ராகு காலமும் எமகண்டமும்தான்" என்றார் பெரியவர்.

சிரித்தேன். ஆனால் 2017-ஆம் வருஷத்துச் சமாசாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷம் மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற கிருமி சுமார் 150 தேசங்களில் பரவிற்று. கம்ப்யூட்டரில் உள்ள சகல தஸ்தாவேஜுகளையும் பூட்டிவிட்டு, திறந்துவிட 300 டாலர் கப்பம் கேட்டது. உள்ளே இருப்பது ராணுவ ரகசியமா, ராகு காலமா என்று அது பார்க்கவில்லை. திருடுவது அதன் நோக்கமல்ல. உங்கள் பொருளை உங்களுக்கே விற்பதுதான் நோக்கம். காலண்டர் அடிக்கிறவருக்கு ஐப்பசி மாதத்தில் ராகு காலத்தைப் பூட்டிவிட்டால் என்ன கதி?

இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ். அன்று பட்ட பாட்டை அந்நாட்டுத் தணிக்கைத் துறையே விசாரித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. 236 மருத்துவ நிர்வாகங்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளிகளின் வைத்திய ஏற்பாடுகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யிலிருந்து 2015 ஏப்ரலுக்குள் மாறத் திட்டம் வேண்டும் என்று 2014-லேயே அவர்களுக்குக் கடிதம் போயிருந்தது. கூடுதலாக ஒரு வருஷப் பாதுகாப்புக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் 55 லட்சம் பவுன் கொடுத்தும் பார்த்தது. வருஷம் முடிந்தது, யந்திரங்கள் பல மாறவில்லை.

ஆனால் கதையில் ஒரு திருப்பம். அன்று அடிபட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்.பி. யந்திரங்களே அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 யந்திரங்கள்! ஓட்டையை அடைக்கும் மருந்து மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதை யாரும் எடுத்துப் போடவில்லை.

இதைக் கேட்டதும் பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பார்த்தீங்களாப்பா! ஒன்பது கம்ப்யூட்டரையும் வர்ற ஞாயித்துக்கிழமையே மாத்திடுவோம்" என்றான்.

அவனுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன். 2024 ஜூலை 19, அதுவும் வெள்ளிக்கிழமை. கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய புதுப்பிப்பில் பிழை. 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத்திரை காட்டி நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல்காரனே கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்ட கதை!

அப்போதுதான், இதுவரை வாய் திறக்காமல் மூலையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்த அம்மாள் கேட்டார்: "அதெல்லாம் சரி, என் பேஜ்மேக்கர் என்னாகும் தம்பி?"

அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உயர்ந்தது இதுதான் என்பது என் அபிப்பிராயம். இருபத்திரண்டு வருஷமாக அந்த அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோப்பவர் அவர். எல்லாருக்கும் 'அக்கா'. அவர் விரல்கள் பழைய டைப்ரைட்டர் முறையில், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு வரியை அடித்துவிடும். பேஜ்மேக்கரோ 2001-இல் வெளிவந்த 7-ஆம் பதிப்போடு பெரிய மாறுதல் எதுவும் இன்றி நின்றுபோனது. அதில் அவர் உபயோகிக்கும் தமிழ் எழுத்துருக்களுக்கு 'டாங்கிள்' என்று ஒரு சிறு சாவி; அதைச் சொருகினால்தான் எழுத்து வரும். அந்தச் சாவியை ஏற்கும் டிரைவர் 32 பிட் விண்டோஸில்தான் வேலை செய்யும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாற்றியிருந்தால், திங்கட்கிழமை காலையில் அக்காவின் முன்னால் பளபளவென்று ஒரு புதிய திரை இருந்திருக்கும், தமிழ் இருந்திராது.

விவாதம் இந்த இடத்தில் நின்றது. நான் ஒரு காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கினேன். "ஒன்பது யந்திரம் என்கிறீர்களே, ஒவ்வொன்றும் யாரோடு பழகுகிறது, சொல்லுங்கள்" என்றேன். அதுவரை அவர்கள் ஒன்பதையும் ஒரே குடும்பமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப் பிள்ளையின் யந்திரம் ஜி.எஸ்.டி.யோடும் பாங்கியோடும் நாள் முழுவதும் பேசுகிறது. வாசல் மேஜை யந்திரத்துக்கு வாடிக்கைக்காரர்களின் ஈமெயில், வாட்ஸ்அப், பென் டிரைவ் எல்லாம் வருகின்றன. யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் வாங்கிக்கொள்ளும் சத்திரம் அது. இந்த இரண்டுக்கும் தவணையே கிடையாது. முதலில் மாற வேண்டியவை இவைதான். படம் வரையும் யந்திரங்கள் இரண்டு, 2020-இல் வாங்கியவை, இலவசமாகவே மாறிக்கொள்ளும். கிடங்கில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்திய பழசு. இருப்புக் கணக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்கு லினக்ஸ் போடலாம் என்றான் பிள்ளை. சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ் இருக்கிறது, எக்ஸ்.பி. ஓய்வு பெற்ற 2014-இல் தமிழ்நாடு அரசாங்கமே தன் இலாகாக்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது. அக்காவின் பகுதியில் இரண்டு. பிளேட் எடுக்கும் யந்திரத்தோடு இணைந்த ஒன்று. ஒன்பதாவது, பெரியவரின் சொந்த அறையில் இருப்பது. பழைய சினிமாப் பாட்டுக் கேட்பதற்கு என்று பிள்ளை சொன்னான், பெரியவர் மறுக்கவில்லை.

பிளேட் யந்திரத்தின் கம்ப்யூட்டர்தான் பெரியவரின் பிரம்மாஸ்திரம். "இது விண்டோஸ் 7. 2020 ஜனவரியிலேயே இதுக்கு ஆதரவு போச்சு. அஞ்சு வருஷமா என்ன ஆச்சு?" என்றார். வாஸ்தவம். அதை மாற்றினால் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பிளேட் யந்திரம் பேச மறுத்துவிடும். மாற்ற வேண்டாம், ஆனால் இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துவிடுங்கள் என்று முடிவாயிற்று. வயரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' ஈரான் தேசத்து அணுசக்திக் கூடத்துக்குள், வெளித் தொடர்பே இல்லாத யந்திரங்களுக்குப் பென் டிரைவ் வழியாகத்தான் போயிற்று என்கிறார்கள். ஆகையால் அதற்கென்று தனியாக ஒரே ஒரு பென் டிரைவ். புது விண்டோஸ் போட்ட யந்திரத்தில் சோதித்த பிறகே அது உள்ளே போகலாம்.

செலவு? காசு கொடுத்தால் விண்டோஸ் 10-க்கே பாதுகாப்பை நீட்டிக்கலாம். வியாபார ஸ்தலங்களுக்கு முதல் வருஷம் யந்திரம் ஒன்றுக்கு 61 டாலர். அடுத்த வருஷம் இரட்டிப்பு. மூன்றாம் வருஷம் அதற்கும் இரட்டிப்பு. மூன்று வருஷத்துக்கு 427 டாலர் ஆகிறது. ரூபாயில் முப்பத்தாறாயிரத்தைத் தாண்டும். புதிய யந்திரமே நாற்பதாயிரம் வாக்கில் கிடைக்கிறதே என்று பெரியவர் தாமாகவே கணக்குப் போட்டுவிட்டார். வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டுமா? கணக்குப் பிள்ளையின் யந்திரம் புதிய விண்டோஸுக்கு லாயக்கில்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பிள்ளை உள்ளே புகுந்து பார்த்தான், டி.பி.எம். என்ற பாதுகாப்பு அம்சம் யந்திரத்திலேயே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது! போட்டுவிட்டதும் லாயக்காகிவிட்டது. கடைசியில் புதிதாக வாங்க வேண்டியவை இரண்டே: வாசல் மேஜைக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

முதலில் எதை மாற்றிப் பார்ப்பது? எல்லாரும் பெரியவரின் அறையைப் பார்த்தார்கள். பாட்டு ஒரு வாரம் நின்றாலும் காலண்டர் நிற்காது. அதற்கு முன்னால் எல்லாக் கோப்புகளையும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

தை பிறந்ததும் மறுபடி போனேன். பெரியவரின் அறையில் பாட்டு நிற்கவில்லையாம். பழைய பிரிண்டர்தான் நின்றுபோயிற்றாம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்த பிறகே மற்றவை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக மாறின. அக்காவின் பழைய யந்திரங்கள் மட்டும் சீசன் முழுவதும், இன்டர்நெட் வாடையே இல்லாமல், பேஜ்மேக்கரில் காலண்டர் வேலையை முடித்துக் கொடுத்தன. நான் போனபோது அக்கா புதிய யந்திரத்தின் முன் இருந்தார். பழைய டைப்ரைட்டர் முறையிலேயே யூனிகோட் தமிழ் அடிக்க வசதி இருப்பதால் விரல்களுக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் பழைய கோப்புகளில்.

பழைய எழுத்துருவில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் 'க', பிறகுதான் மற்றது. இந்த இடமாற்றத்தை மாற்றித் தரும் மென்பொருள் ஒழுங்காகவே செய்துவிட்டது. ஆனால் 'கௌரி'யில் மாட்டிக்கொண்டது. பழைய எழுத்தில் 'ஔ' குறியின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே. 'கௌரி நல்ல நேரம்' அத்தனையும் 'கெளரி நல்ல நேரம்' ஆகிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். கம்ப்யூட்டரில் தேடினால் அகப்படாது.

பிள்ளை ஒரே கட்டளையில் கொம்பும் ளகரமும் சேர்ந்த இடங்களை எல்லாம் ஔகாரமாக மாற்றினான். கௌரி சரியாயிற்று, பௌர்ணமியும் சரியாயிற்று. ஆனால் வருஷத்து வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் கெட்டுப்போயின! வகரத்துக்குப் பக்கத்தில் இருந்த ளகரம் காணாமல் போய், அதன் தலைப் புள்ளி மட்டும் ஆதரவில்லாமல் அந்தரத்தில் நின்றது. 2026-இன் அச்சான தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பிடித்தவர் அக்காதான்.

"போகட்டும் அக்கா, 52 வெள்ளிதானே, கையாலேயே திருத்திடலாம்" என்றான் பிள்ளை.

"அடுத்த வருஷம் ஜனவரி ஒண்ணே வெள்ளிக்கிழமை, தம்பி. 53 வருது" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.